எரிவாயு ஆலை இருந்த மண்ணில் வீடு வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சிங்கப்பூரில் பழைய காலாங் எரிவாயு ஆலை இருந்த கம்போங் பூகிஸில் வீடுகள் வரப்போகின்றன, மண்ணைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று சொன்னால் நம்பி வாங்கலாமா? கூடவே இன்னொன்றும் கேட்கிறீர்கள். காலாங் ஆற்றோரத் தொழிற்பேட்டைகளை இடித்து அடுக்குமாடிகளை நெருக்கமாக எழுப்பினால், அங்கே பட்டறை வைத்திருக்கும் உங்கள் சித்தப்பா போன்றவர்கள் எங்கே போவார்கள்? இவற்றை நான் ஒரே கேள்வியாகத்தான் படிக்கிறேன். பழைய தொழில் நிலத்தைப் புதிய வாழ்க்கைக்கு மாற்றும்போது அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள், உடம்பாலா பிழைப்பாலா என்பதே அது. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் மாசடைந்த மண்ணைத் துளையிட்டுப் பார்ப்பதும் சீர்செய்வதும்தான் என் தொழில். நான் மருத்துவர் இல்லை, வீட்டு விலை ஏறுமா என்று சொல்லும் முகவரும் இல்லை. மண்ணைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். வேலைகளைப் பற்றி, அந்தப் பட்டறைகளுக்குள் நடந்து திரிந்தவன் என்ற அளவில் பேசுவேன்.

முதலில் அந்த இடத்தின் கதையைச் சொல்கிறேன். காலாங் எரிவாயு ஆலை 1862ல் தொடங்கியது. 1864ல் சிங்கப்பூர்த் தெருக்களில் முதன்முதலாக எரிவாயு விளக்குகள் எரிந்தது அந்த ஆலையின் புண்ணியத்தில்தான். அக்கம்பக்கத்துச் சீனர்கள் அந்த வட்டாரத்தை ‘நெருப்பு நகரம்’ என்றே ஹாக்கியன் மொழியில் அழைத்தார்கள். 1998ல் உற்பத்தி செனோக்கோவுக்கு மாறி, காலாங் ஆலை மூடப்பட்டது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில், முதலில் நிலக்கரியிலிருந்தும் பிற்காலத்தில் எண்ணெயிலிருந்தும் வாயு எடுத்திருக்கிறார்கள். நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கினால் வாயு மட்டும் வருவதில்லை. கெட்டியான தார் வரும், பென்சீன் வரும், நாப்தலீன் வரும். வாயுவைச் சுத்திகரிக்க இரும்புத் துருவைப் பரப்பி வைப்பார்கள். அது சயனைடைப் பிடித்துக்கொண்டு கருநீலமாக மாறும். அந்தக் காலத்தில் இவற்றையெல்லாம் பக்கத்துக் குழியில் கொட்டுவது உலகம் முழுவதும் இருந்த வழக்கம். ஆகவே உலகின் எந்தப் பழைய நிலக்கரி எரிவாயு ஆலைக்குக் கீழேயும் தாரும் பென்சீனும் நீல மண்ணும் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் எங்கள் துறையில் வேலையைத் தொடங்குவோம்.

அந்த நீல மண்ணைப் படத்தில் பார்த்துவிட்டு ‘சயனைடு’ என்று பதறுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையில் இரும்போடு பிணைந்த அந்த நீலம் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். நிறமே இல்லாத பென்சீன்தான் என்னைக் கவலைப்பட வைக்கும். அது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. அது ஆவியாகி மேலே வரும். தண்ணீரோடும் ஓரளவு நகரும். பல ஆண்டுகளுக்கு முன், தார் பூசிய மரங்களை அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய முற்றத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தோம். மூன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த மண் உருளையைத் தகரத் தட்டில் வைத்து நீளவாக்கில் பிளந்தோம். சாம்பல் நிறக் களிமண், நடுவில் விரற்கடை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவன் குனிந்து முகர்ந்துவிட்டு, “அண்ணே, எங்கள் அம்மாவின் பட்டுப்புடவைப் பெட்டி வாசனை வருகிறது” என்றான். அந்துருண்டை வாசனைதான் அது. நாப்தலீன். முகத்தைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினேன். முகர்ந்து பார்க்காதே என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு புதிய ஆளுக்கும் முதல் நாளே சொல்கிறேன். அன்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பட்டைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி எடுத்த களிமண்ணில் ஆய்வகத்துக்கு ஒன்றுமே அகப்படவில்லை.

அந்த ஒரு சாண் விவகாரம் உங்கள் கேள்விக்கு மிகவும் முக்கியம். காலாங் வடிநிலத்தின் அடியில் இருப்பது மென்மையான கடற்களிமண். பல இடங்களில் இருபது, முப்பது மீட்டருக்கும் கீழே இறங்கும். தண்ணீரை எளிதில் விடாத மண் அது. மேலே கொட்டிய நிரப்பு மண்ணில் இருக்கும் அழுக்கு களிமண்ணைத் தாண்டிக் கீழே போவது கடினம், பக்கவாட்டில்தான் பரவும். இது நல்ல செய்தி. கெட்ட செய்தியும் அதே களிமண்தான். மருந்தை ஊசிபோல உட்செலுத்தி மண்ணுக்குள்ளேயே சுத்திகரிக்கும் முறைகள் அதில் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே பெரும்பாலும் தோண்டி எடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கடற்களிமண்ணில் ஆழமாகத் தோண்டுவது விளையாட்டு இல்லை. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் எம்ஆர்டி ரயில்பாதைக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நால்வர் மாண்டது இதே வகைக் களிமண்ணில்தான். மண்ணிலுள்ள ரசாயனத்தைப் பற்றி ஊரே பேசுகிறது. தோண்டுகிறவர்களின் உயிரைப் பற்றியும் அதே குரலில் பேச வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இனி, மண்ணில் விஷம் இருப்பதும் அது உங்கள் உடம்புக்குள் வருவதும் வேறு வேறு. அழுக்கு இருக்க வேண்டும், அது வருவதற்கு வழி இருக்க வேண்டும், வழியின் முடிவில் ஆள் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றை அறுத்தால் போதும். சிங்கப்பூரில் யாரும் வீட்டுக் கிணற்றிலிருந்து குடிப்பதில்லை. அந்த வழி தானாகவே அறுந்திருக்கிறது. குழந்தை தோட்டத்து மண்ணை வாயில் வைக்கும் வழியை ஒரு மீட்டர் சுத்தமான மண்ணும் கான்கிரீட்டும் அறுக்கும். மிஞ்சுவது ஆவி. தரைக்கு அடியிலிருந்து விரிசல் வழியாக அறைக்குள் ஏறும் ஆவிதான் எரிவாயு ஆலை நிலங்களில் உண்மையான வழி. இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டடங்களின் அமைப்பு எதிர்பாராத ஒரு நன்மை செய்கிறது. புளோக்கின் கீழ்த்தளம் திறந்தே கிடக்கிறது. கல்யாணப் பந்தல் போடுகிறோம், பெரியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள், காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது. தரையிலிருந்து ஆவி கசிந்தாலும் முதல் மாடிக்குப் போகும் முன் கலைந்துவிடும். யாரும் இதற்காக அப்படிக் கட்டவில்லை, ஆனாலும் இதைவிட மலிவான பாதுகாப்பு கிடைக்காது. மாறாக, தரையோடு ஒட்டிய படுக்கையறை, சரியாகக் காற்றோட்டம் இல்லாத நிலவறை, மின்தூக்கிக் குழி ஆகியவற்றில்தான் நான் அளவுகருவியோடு முதலில் நிற்பேன்.

நெருக்கமாகக் கட்டுவது ஆபத்தைக் கூட்டாதா என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இதில் பலர் நினைப்பதற்கு நேர்மாறாக ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் மூன்று மீட்டர் ஆழத்துக்கு மண் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30,000 கன மீட்டர் மண், ஏறத்தாழ 54,000 டன். நிலத்தின் பரப்புக்குச் சமமான தளப்பரப்பு மட்டும் கட்டினால் நூறு சதுர மீட்டர் வீடுகள் 100 வரும். ஒவ்வொரு வீட்டின் தலையிலும் 540 டன் மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு விழும். நான்கு மடங்கு தளப்பரப்பு கட்டினால் 400 வீடுகள். தலைக்கு 135 டன். மாடி கூடினாலும் கெட்ட மண்ணின் அளவு கூடுவதில்லை. அதனால்தான் பழைய தொழில் நிலங்களை உயரமாகக் கட்டினால் மட்டுமே முழுமையாகச் சுத்தம் செய்யக் கட்டுப்படியாகிறது. கம்போங் பூகிஸில் பதினேழு ஹெக்டேர் அளவு நிலத்தில் ஏறத்தாழ 4,000 வீடுகள் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் திட்டமிட்டதற்குப் பின்னால் ஆற்றோர அழகு மட்டும் இல்லை, இந்தக் கணக்கும் இருக்கும் என்பது என் ஊகம். எதிர்ப்பக்கமும் உண்டு. உயரமான கட்டடத்துக்கு ஆழமான பைலிங், அதாவது அடித்தளத் தூண்கள், வேண்டும். ஒவ்வொரு தூணும் களிமண்ணைத் துளைத்துக் கீழே போகிறது. மேல் அழுக்கைச் சுத்தம் செய்யாமல் பைலிங் போட்டால், இதுவரை மூடியிருந்த களிமண்ணில் நூற்றுக்கணக்கான ஓட்டைகளை நாமே போட்டதாக ஆகும். சுத்தம் முதலில், பைலிங் பிறகு. அவசரத்தில் இந்த வரிசையை மாற்றச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் அந்தச் சொல் தனியாக நிற்காது. எந்தப் பயன்பாட்டுக்குச் சுத்தம் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். கிடங்குக்குச் சுத்தமான மண் பாலர் பள்ளிக்குச் சுத்தமானதாக இருக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் மண் அறிக்கைகளைப் புரட்டினால் நெதர்லாந்தின் அளவுகோல்களோடு ஒப்பிட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த அளவுகோல்களின் பின்னே ஒரு வேதனை இருக்கிறது. லெக்கர்கெர்க் என்ற சிற்றூரில், ரசாயனக் கழிவால் தூர்த்த வாய்க்கால்களின் மேல் புதிய வீடுகளைக் கட்டினார்கள். மண்ணிலிருந்த கரைப்பான்கள் பிளாஸ்டிக் குடிநீர்க் குழாயையே அரித்துவிட்டன. 1980ல் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1983ல் அந்த நாடு மண் சுத்திகரிப்புக்கென்று சட்டம் கொண்டுவந்தது. அந்தக் குழாயை நான் மறப்பதே இல்லை. கெட்ட நிலத்தில் கட்டும் கட்டடத்துக்கு மண்ணைப் பார்த்துவிட்டு, குடிநீர்க் குழாய் எதனால் ஆனது என்றும் கேட்பேன். நல்லபடியாக முடிந்த இடங்களும் இருக்கின்றன. லண்டனில் கிரீனிச் தீபகற்பத்தில் இருந்தது மாபெரும் எரிவாயு ஆலை. மண்ணைச் சீர்செய்து 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே பெரிய கூடாரமண்டபம் எழுந்தது, பிறகு ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. எனவே முறையாகச் செய்தால் முடியும் என்பதை உறுதியாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் இது எப்படி நடக்கிறது என்றால், மாசடைந்த நிலத்துக்கென்றே தனியாக ஒரு சட்டத்தைவிட, குத்தகைதான் இங்கே காவல்காரன். நிலத்தில் மிகப் பெரும்பகுதி அரசாங்கத்தினுடையது. மாசு உண்டாக்கக்கூடிய தொழிலுக்கு, தொழிற்பேட்டைகளை நடத்தும் அரசு அமைப்பான ஜேடிசியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவர் தொடக்கத்திலேயே மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து அறிக்கை தர வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே கெட்டிருந்தால் அவர்தான் சீர்செய்ய வேண்டும். நியாயமான ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பே கெட்டுப்போன நிலத்துக்கு ‘தொடக்க அறிக்கை’ என்று ஒன்று இருக்காது. எரிவாயு ஆலை அந்த வகை. அங்கே செலவு பொதுப் பணத்திலிருந்தோ, நிலத்தின் விலையில் கழிவாகவோதான் வர முடியும். தோண்டிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டவும் இங்கே இடமில்லை. நம்மிடம் இருப்பது செமாக்காவ் தீவின் குப்பை நிரப்பிடம் ஒன்றுதான். அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். பெரிய நாடுகளில் லாரியில் ஏற்றி நூறு மைல் தள்ளிக் கொட்டிவிட்டு ‘சுத்தம்’ என்று எழுதிவிடுவார்கள். நாம் மண்ணைச் சூடாக்கியோ, நுண்ணுயிரை வளர்த்தோ உண்மையிலேயே அழுக்கைப் பிரித்தாக வேண்டியிருக்கிறது. நாள் பிடிக்கும். ஆலை மூடி இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டனவே என்று சலித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். துளை போட்டுச் சோதிப்பது என்பது சில மாதிரிகளை எடுத்துப் பார்ப்பதுதான். இருபது மீட்டருக்கு ஒரு துளை போட்டால் இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு பழைய தார்த்தொட்டி முழுதாக ஒளிந்திருக்கலாம்; தோண்டும்போது அப்படி ஒன்று தட்டுப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. அடுத்து, ஆவித் தடுப்புப் படலம் போட்ட கட்டடங்களில் அந்தப் படலம் அறுபது, எழுபது ஆண்டு கழித்தும் வேலை செய்யுமா என்பதற்கு அவ்வளவு நீண்ட அனுபவம் உலகில் எவரிடமும் இல்லை. நம் குத்தகையோ 99 ஆண்டு. அளவுகோல்களும் மாறுகின்றன. தீயணைப்பு நுரையில் பயன்பட்ட ஃபுளோரின் ரசாயனங்களைப் பற்றி நான் தொழிலுக்கு வந்தபோது யாரும் கேட்டதில்லை. 2024ல் அமெரிக்கா அவற்றில் இரண்டுக்குக் குடிநீரில் ஒரு லட்சம் கோடியில் நான்கு பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறது. உலகெங்கும் விமானத் தளங்களின் மண்ணில் இவற்றைத் தேடுகிறார்கள். நம் பாய லேபார் விமானத் தளம் 2030க்குப் பிறகு இடம்பெயரும்போது 800 ஹெக்டேர் நிலம் விடுபடும். அதிலும் சுற்றுவட்டாரத்திலும் 150,000 வீடுகள் வரலாம் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அவ்வளவு பெரிய நிலத்தை இன்றைய பட்டியலை வைத்து மட்டும் சோதிக்காமல், நாளை வரக்கூடிய பட்டியலுக்கும் மண் மாதிரிகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இனி உங்கள் சித்தப்பா. காலாங் ஆறு பத்து கிலோமீட்டர். அதன் இரு மருங்கிலும் இரண்டு கிலோமீட்டருக்குள் 800,000 பேர் வசிப்பதாகவும், இருபது ஆண்டுகளில் இன்னும் 100,000 வீடுகள் வரலாம் என்றும் 2017ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் சொன்னது. காலாங் தொழிற்பேட்டையும் அந்தத் திட்டத்தில் மாறவிருக்கும் இடம். வீடு வருகிற இடத்தில் வேலையும் வரும் என்று திட்டங்கள் சொல்வது பொய் அல்ல. நம் நில வகைப்பாட்டில் ‘பிசினஸ் 1’ என்பது வீட்டுக்கு அருகில் இருக்கத்தக்க சுத்தமான தொழில், ‘பிசினஸ் 2’ என்பது சத்தமும் புகையும் உள்ள, வீட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டிய தொழில். வீடுகள் நெருங்கி வரவர இரண்டாம் வகை ஊர் ஓரத்துக்கு நகரும், முதல் வகை மிஞ்சும். வேலைகளின் எண்ணிக்கை குறையாமல்கூட இருக்கலாம். வேலையின் இனம் மாறிவிடும். ஆயர் ராஜாவில் 71ஆம் புளோக் என்ற பழைய அடுக்குமாடித் தொழிற்கூடத்தை இடிக்காமல் விட்டதால் 2011 முதல் அது புதுத் தொழில் தொடங்கும் இளைஞர்களின் கூடாரமாயிற்று. மலிவான பழைய கட்டடம் எத்தனை பேருக்கு வாசல் திறக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அங்கே நுழைந்தவர்கள் கணினியோடு வந்தவர்கள்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் காலாங் பக்கம் தரைத்தளத்தில் மோட்டார் சுற்றும் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன நீரிறைப்பி மோட்டாரின் செம்புக் கம்பியைப் பிரித்தெடுத்து, பழைய சுற்றை விரலால் எண்ணிப் பார்த்து, அதே கணக்கில் புதிதாகச் சுற்றி, வார்னிஷில் முக்கி அடுப்பில் காய வைப்பார். இருநூறு கிலோ மோட்டாரை லாரியிலிருந்து தள்ளுவண்டியில் நேராக மேசைக்குக் கொண்டுபோவார். கட்டடம் காலியானபோது வேறோர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் ஐந்தாம் மாடியில் இடம் கிடைத்தது. சரக்கு மின்தூக்கிக்கு வரிசை, வார்னிஷ் வாடைக்குப் பக்கத்துக் கடையின் புகார், வாடகையும் கூடுதல். இரண்டு ஆண்டில் மூடிவிட்டார். அவரிடம் வந்துகொண்டிருந்த கட்டடப் பராமரிப்பாளர்கள் இப்போது மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். இதற்கு மாற்று இல்லை என்று சொல்ல மாட்டேன். டெஃபூ சந்தின் பழைய பட்டறைகளை எடுத்தபோது ஜேடிசி அவர்களுக்காக டெஃபூ தொழில் நகரத்தைக் கட்டியது. லாரி மாடி வரைக்கும் ஏறும் சாய்தளங்கள் கொண்ட கட்டடங்கள் இப்போது நிறைய வருகின்றன. அடுக்கிக் கட்டுவது வீட்டுக்கு மட்டும் உரியதல்ல, பட்டறைக்கும் முடியும். நான் கேட்பது, மாற்று இடம் தயாரான பிறகே பழையது இடிய வேண்டும், வாடகை ஏற்றம் சில ஆண்டுகளுக்குப் படிப்படியாக இருக்க வேண்டும், அதே வட்டாரத்தில் இடம் இருக்க வேண்டும் என்பதைத்தான். சித்தப்பாவுக்குக் கடிதம் வந்தால் வாடகையைப் பார்ப்பதற்கு முன் மூன்றை விசாரிக்கச் சொல்லுங்கள்: தளம் சதுர மீட்டருக்கு எவ்வளவு பாரம் தாங்கும், லாரி வாசல் வரை வருமா, அவருடைய வேலைக்கு அந்த வகைப்பாட்டில் அனுமதி உண்டா. இடம் மாறிய பிறகு இந்த மூன்றையும் சரிசெய்ய முடியாது.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், வாங்கலாம், அறிக்கையைப் பார்த்த பிறகு. மண் அறிக்கை வீடு வாங்குபவர் கைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. மேம்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்தப் பயன்பாட்டுக்கான அளவுகோலை எட்டினார்கள், தரைக்கடியில் ஆவித் தடுப்பு இருக்கிறதா, இருந்தால் அதைச் சோதிக்கும் பொறுப்பும் செலவும் பிற்காலத்தில் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் தலையில் விழுமா என்று கேளுங்கள். அறிக்கை கையில் வந்ததும் முடிவுரையை ஒதுக்கிவைத்துவிட்டு, துளைகள் போட்ட இடங்களின் வரைபடத்தை எடுங்கள். பழைய ஆலையின் வரைபடம் ஒன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடி, அதன் பக்கத்தில் வையுங்கள். வாயுத் தொட்டிகளும் தார்க் கிணறுகளும் சுத்திகரிப்புக் கொட்டகையும் நின்ற மூலைகளில் துளைகள் நெருக்கமாக இருக்கின்றனவா, இல்லை, எல்லாத் துளைகளும் துளையிடும் வண்டி சுலபமாகப் போகக்கூடிய சாலையோரமாக வரிசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். சாலையோரம் நின்றால் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.